மடை அடைப்பும் பங்கீடும்

மதுரைச் சமவெளியில் வாழ்வோருக்குத் தண்ணீர் முறை என்பது புதிதன்று. பேரணையிலிருந்து செல்லும் பெரியாற்றுப் பிரதானக் கால்வாயை நம்பி ஏறக்குறைய 45,000 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலமோ ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல். வைகை அணையில் நீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். குடிநீர்ப் பங்கு முதலில் ஒதுக்கப்படும். தரவு மையங்களில் ‘சுவிட்சு’ என்னும் கருவிக்கு உள்ள தொல்லையும் ஏறக்குறைய இதுவே.

ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் அனுப்பும் செய்திகள் சிறு பொட்டலங்களாகச் சுவிட்சில் வந்து கூடுகின்றன. இடம் நிறைந்தால் மிஞ்சியதைக் கீழே போட்டுவிடுவது ஈதர்நெட்டின் பழைய வழக்கம். கடிதப் போக்குவரத்துக்கு அது பெருங்கேடு அன்று. மறுபடி அனுப்பினால் போயிற்று. ஆனால் ஒரு பொறியின் நினைவகத்திலிருந்து மற்றொன்றின் நினைவகத்துக்கு நேரே செல்லும் தரவு அவ்வாறன்று. பழைய இணைப்பு அட்டைகள் பல, ஒரு பொட்டலம் தொலைந்தால் அதற்குப் பின் சென்றவற்றையும் சேர்த்தே திரும்ப அனுப்பும். வேலை அங்கேயே முடங்கும்.

ஆகவே, ‘நிறுத்து’ என்று மேல்மடைக்குச் சொல்லும் ஏற்பாடு வந்தது. 1997-இல் வகுத்த விதி இணைப்பு முழுவதையும் நிறுத்தியது. 2011-இல் வந்த விதி, போக்குவரத்தை எட்டு வகுப்புகளாகக் கொண்டு, வேண்டிய வகுப்பை மட்டும் நிறுத்துகிறது. மடையை அடைத்த பின்னும் கால்வாயில் உள்ள நீர் வரத்தானே செய்யும்! நூறு மீட்டர்க் கம்பியில் ‘நிறுத்து’ என்ற சொல் போய்ச் சேரவும், ஏற்கெனவே புறப்பட்டது வந்து தீரவும் ஏறக்குறைய ஒரு மைக்ரோ வினாடி ஆகும். வினாடிக்கு 100 கிகாபிட் வேகத்தில் அதற்குள் 12,500 பைட் வந்து குவியும். அதற்கு இடம் ஒதுக்காதவன் நிறுத்தியும் பயனில்லை.

அதே ஆண்டில் பங்கீட்டு விதியும் வந்தது. சேமிப்புத் தரவுக்குப் பாதி, பொதுப் போக்குவரத்துக்குப் பாதி என்று வைத்தால், நெருக்கடியில் மட்டுமே அந்தக் கணக்கு செல்லும். ஒருவர் பயன்படுத்தாத பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். கடைமடைக்காரர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்!

இனி நான் அஞ்சுவதைச் சொல்கிறேன். ஒவ்வொரு துறையினரும் தம் தரவே இழப்பின்றிச் செல்ல வேண்டும் என்பர். எல்லாவற்றையும் அவ்வாறு வைத்தால், ஓரிடத்து அடைப்பு அடுத்த சுவிட்சுக்கும், அதற்கு மேலும் ஏறும். சம்பந்தமற்ற தரவும் பின்னால் நிற்கும். அடைப்பு வட்டமாகச் சூழ்ந்துவிட்டால், ஒன்றுக்கொன்று காத்து யாவும் அசையாமல் நின்றுவிடும். ஆதலால் ஒன்றிரண்டு வகுப்புகளுக்கே இவ்வுரிமை தருவது நன்று. வரிசை நிறையும் முன்பே பொட்டலத்தில் குறியிட்டு, அனுப்புவோனை மெதுவாக்குவது அதனினும் நன்று.

இன்னொன்று: இரு முனைகளும் ஒத்திருக்க வேண்டும். ஒரு சுவிட்சு மூன்றாம் வகுப்பைக் காக்க, அடுத்தது நான்காம் வகுப்பைக் காத்தால், பொட்டலங்கள் ஓசையின்றித் தொலையும். வெளியே விளக்குகளெல்லாம் பச்சையாகவே எரியும்.