பாட்டும் பங்கும்



"அண்ணே, பாட்டைக் கொடுத்துப் பணமும் வாங்கிட்டேன். இனி எனக்கென்ன உரிமை?" என்று ஒரு தம்பி சற்று முன் கேட்டான். இருக்குப்பா, நிறைய இருக்கு.

ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து உண்டு: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. படத்துக்குக் காசு வாங்கி எழுதினால் எல்லாம் தயாரிப்பாளருக்கே என்றது 1977-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2012-ல் சட்டம் திருந்தியது. உரிமையை எழுதிக் கொடுத்தாலும், தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலித்து வரும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. 'வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது! ஆல்பத்துக்கும் இதே கதைதான். வசூலித்துத் தர 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இருக்கிறது; உறுப்பினராகுங்கள். நமக்குப் பின் 60 ஆண்டு பிள்ளைகளுக்கும் வரும்.

ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுதான். எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று அச்சடித்தே நீட்டுகிறார்கள். அந்தச் சொற்களைக் கண்டால் பேனாவை மூடிட்டு, நம்ம கல்லூரியில் படித்த வக்கீல் ஒருவரைப் பாருங்க. இங்கேயே நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க!