இரவு ஷிஃப்டில் என்ன குடிக்கிறோம்?



காஃபின் பற்றிய இந்தக் கருத்தரங்கை ஸ்ரீபெரும்புதூரில்தான் நடத்த வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டேன். 1998இல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதன் பிறகு ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் இரவு பகல் பாராமல் இயங்கத் தொடங்கின. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்ற அட்டவணைப்படிதான் இங்கே பலருக்குப் பொழுது விடிகிறது. ஒருவர் எப்போது, எதைக் குடிக்கிறார் என்பதையும் அந்த அட்டவணைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் உண்டு. ஈசிஜியில் குறையிருக்காது, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். “ராத்திரி டூட்டியில என்ன குடிச்சே தம்பி?” என்று கேட்டால் சற்றுத் தயங்கிவிட்டு, “ரெண்டு பாட்டில் சார். கண்ணு சொக்கினா லைன்ல இருந்து தூக்கிடுவாங்க” என்பார்கள். பஸ் ஏறுகிற இடத்துப் பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்க் பாட்டிலைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் குடிக்க வேண்டாம் என்றும், ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் கூடாது என்றும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். இப்படி எழுதச் சொன்னது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். காஃபின் பானம் என்றால் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம் என்பதும் அதன் விதிதான். ஆக, உச்ச அளவில் ஒரு பாட்டிலில் 75 மில்லிகிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. ஒரு கப் டீயிலேயே 30 முதல் 65 வரை இருக்கும் என்றும் அது கணக்குத் தருகிறது. இரண்டு பாட்டிலும் நான்கு டீயும் உள்ளே போனால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம்.

அளவைவிட நேரம்தான் எனக்குப் பெரிய கவலை. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அதனால்தான் கண் சொக்குகிறது. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்கிறது. அசதி தீர்வதில்லை, உறைக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டுக் கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் பல மணி நேரம் பிடிக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டில், நாலரைக்கு ஒரு டீ. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து எட்டு மணிக்குப் படுத்தால் அந்தப் பாட்டிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் டீயில் பாதிக்கு மேலும் இன்னும் ரத்தத்தில் இருக்கும். வெளியே வெயில், தெருவில் ஹாரன், பக்கத்துப் படுக்கைக்காரர் வேறு ஷிஃப்ட். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. தூக்கம் கெட்டவர் மறுநாள் இரவு இன்னொரு பாட்டில் வாங்காமல் என்ன செய்வார்?

தூங்குகிற இடமும் முக்கியம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதை மனமார வரவேற்கிறேன். ஒரே ஷிஃப்டுக்காரர்களை ஒரே அறையில் சேர்ப்பதும் சன்னலுக்குக் கனத்த திரை போடுவதும் இதுபோன்ற எந்த விடுதியிலும் செலவில்லாமல், அல்லது சொற்பச் செலவில் முடிகிற வேலைகள்.

அந்தப் பெண்களை நினைத்தால் டீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் டீக்கு எதிரியல்ல. பழகியவர்களுக்கு அளவான டீ உடலின் நீரை வற்றவைத்துவிடாது. ஆனால் சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயிலுள்ள டானின் உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அதே வழிகாட்டி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் சேர்த்து அரை மணி நேரம்தான் என்றால் அந்த ஒரு மணி நேர இடைவெளிக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

அடுத்தது தண்ணீர். போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் வெப்பமான வேலையிடங்களில் பல்லாண்டுகளாக ஆய்வு செய்துவருகிறார்கள். கழிப்பறை வசதி சரியில்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் பதிவு செய்த உண்மை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. குழாய் இருந்தால் மட்டும் போதாது. குடித்தவர் எழுந்து போகவும் அனுமதி வேண்டும். தண்ணீருக்குப் பதில் இனிப்புப் பானம் குடிப்பதும் தீர்வாகாது. 35 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் உழைக்கவைத்து, காஃபினும் சர்க்கரையும் கலந்த குளிர்பானம் கொடுத்துப் பார்த்தார்கள் பஃபலோ பல்கலைக்கழகத்தார். தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிடச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள் கூடியதாக 2019இல் எழுதினார்கள். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் ஃபோர்ஜிங், பெயின்ட் ஷாப் போன்ற சூடான இடங்கள் உள்ள தொழிற்சாலைகள் அதைப் புறக்கணிக்க முடியாது.

இனிப்புப் பானங்களை ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று விற்பதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டாண்டுகள் தனியாகப் போராடினார். சர்க்கரைப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நீரிழப்பை ஈடுகட்டும் உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும்தான் முக்கியமாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவர் விடாப்பிடியாக நின்றால் லேபிள் மாறும் என்பதற்கு இது சாட்சி. நம் பங்குக்கு, காஃபின் பாட்டில்களின் எச்சரிக்கையைத் வெளிமாநிலத் தோழர்களுக்கும் புரியும்படி தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும், படிக்கிற அளவில் அச்சிடக் கேட்போம்.

ஆலை நிர்வாகிகளிடம் இரண்டு கேட்கிறேன். இரவு நேர சி ஷிஃப்டின் நடுவே இருபது நிமிடம் படுக்க ஓர் அறை கொடுங்கள். அந்தச் சிறு தூக்கம் விழிப்பைக் கூட்டும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கேன்டீனில் நீர்மோர் வையுங்கள்.

கட்டுரை வாசிக்கப்போகும் இளைய ஆய்வாளர்களுக்கு: காஃபின் எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் அட்டவணையிலேயே, குடித்தவர் முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கினார், ஓவர்டைம் பார்த்தாரா, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கும் இடம் கொடுங்கள். பிற்பகலில் தொழிலாளர்கள் பேசுகிறார்கள். காலை அமர்வு நீண்டுவிட்டது என்று அவர்களுடைய நேரத்தில் கை வைக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.