கீர்த்தனையா, கீபோர்டா? பறை எங்கே?

(அம்பத்தூரில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சபைகளில் ஒரு பஞ்சாயத்து ஓயாமல் நடக்கிறது. பெரியவர்களுக்குப் பாமாலையும் கீர்த்தனையும் வேண்டும். இளைஞர்களுக்கு டிரம்ஸ், கீபோர்டு, கிடார் வேண்டும். எந்தப் பக்கம் நிற்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். 'பாரம்பரியம்' என்கிறார்களே, அது யாருடைய பாரம்பரியம்? முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

பாமாலை ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த மெட்டு. கீர்த்தனை தஞ்சாவூர் ராகத்திலும் தாளத்திலும் வளர்ந்தது. அதன் பெரும் முன்னோடி வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). வெள்ளாளர். 1820களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டை வழிபாட்டிலிருந்து விலக்கப் பார்த்தபோது எதிர்த்து எழுதினார். ஐரோப்பிய மெட்டைத் திணிக்காதே என்ற அந்தக் குரல் நியாயமானது. ஆனால் அதே எதிர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: பறையர்களோடு கலந்து திருவிருந்து எடுக்க எங்களைக் கட்டாயப்படுத்தாதே! 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அறவே விட வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

தமிழ் இசைக்கான மானமும் சாதித் திமிரும் ஒரே வாயிலிருந்து வந்தன. 'பாரம்பரியம்' என்றதும் நாம் காதைத் தீட்டிக்கொள்வது இதனால்தான்.

அப்படியென்றால் புது இசைதான் விடுதலையா? எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் கைதட்டி, வாய்விட்டுப் பாட அது இடம் கொடுத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் 'நானும் என் ஆண்டவரும்' மட்டும்தான் இருக்கிறோம். தெரு இல்லை, கூலி இல்லை, சாதி இல்லை. மெட்டு மாறியது, மௌனம் மாறவில்லை.

இரண்டுக்கும் வெளியே ஒருவர் நின்றார். ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' அண்ணன் என்றால் பலருக்குத் தெரியும். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். வழிபாடு முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், உழைக்கிற சனங்களின் பேச்சில் அமைத்தார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'பிதா' என்ற இடத்தில் 'பெத்தவரே' என்றார். அந்த ஒரு சொல்லில் தாயும் வந்துவிட்டாள். நாட்டுப்புறப் பாட்டை யாரும் பாடலாம், தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் குருவும் வேண்டாம் காசும் வேண்டாம் என்பது அவர் வாதம். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதை இறையியலாகவே பேசினார். கலந்து திருவிருந்து எடுக்க மாட்டோம் என்று வெளியேறியவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

சரி, கோயிலுக்குள் பறையைக் கொண்டுவந்தால் போதுமா? போதாது தோழர்களே. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் மக்களின் போராட்டம்தான். அந்த இழிவை உதறத்தான் மதம் மாறியவர்கள் பலர் பறையையும் விட்டார்கள். அவர்களைப் பார்த்து 'உன் கலையை மறந்தாயே' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பறை வருமானால் விருப்பத்தோடு வர வேண்டும். எல்லாச் சாதிக் கைகளும் அதை அடிக்க வேண்டும். காலனிப் பிள்ளைகள் மட்டும் அடிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து ரசித்தால் அது பழைய அடிமை ஊழியம்தான். இடம் மட்டும் மாறியிருக்கிறது.

எனவே அடுத்த பாட்டுக் குழுக் கூட்டத்தில் 'பழசா புதுசா' என்ற விவாதத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வேறு கேள்விகளை எழுப்புங்கள். பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் யார்? கமிட்டியில் யார் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் சபைகள் இன்றும் உண்டு. அதைப் பற்றி நம் சபை வாய் திறந்ததா? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறதே, அதற்காக நம் பீடத்திலிருந்து ஒரு ஜெபமாவது ஏறெடுக்கப்பட்டதா?

இவற்றைக் கேட்கிற சபை எந்த வாத்தியத்தை வேண்டுமானாலும் வாசிக்கட்டும். நாமும் சேர்ந்து பாடுவோம்.