அனுபவத்தில் கண்ட கடவுள்

(ஏற்காடு, தலைச்சோலையில் பேசியது)



முன்பெல்லாம் கடவுளுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால் சாஸ்திரத்தைக் காட்டுவார்கள். சாஸ்திரத்தின் யோக்கியதை வெளிப்பட்டுப்போன பிறகு இப்போது வேறொரு பேச்சுப் பேசுகிறார்கள். "கடவுள் வாதத்திற்கு அகப்படமாட்டார், அவரோடு உறவு கொண்டு பார், அனுபவத்தில் தெரியும்" என்கிறார்கள். நல்லது. எனக்கும் சம்மதம். அனுபவத்தையே பார்ப்போம்.

இந்த மலையில் எல்லோருக்கும் ஒரே மழை, ஒரே குளிர்தான். ஆனால் மலைக்கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்மேல் ஏசு வருவதில்லை. மாதா கோயிலில் மண்டியிட்டு அழுகிறவருக்குச் சேர்வராயன் காட்சி கொடுப்பதில்லை. பெயரே கேள்விப்படாத ஒரு கடவுளை அனுபவத்தில் கண்டேன் என்று சொன்ன ஒருவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? பிள்ளையில் எந்தக் கடவுளைச் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்தக் கடவுள்தான் பெரியவனானபின் வந்து நிற்கிறார்!

உறவு என்கிறார்களே, நந்தனுக்கு இல்லாத உறவா? தில்லையையே நினைத்துக் கிடந்தவன் என்று அவர்களுடைய பெரியபுராணமே சொல்லுகிறது. அவ்வளவு உறவு இருந்தும், உள்ளே போக அவன் தீயில் இறங்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் குளத்தில் இறங்கினால் போதும். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நம் தாய்மார்கள் நன்றாய் அறிந்த ஒரு அனுபவத்தைச் சொல்லுகிறேன். கடவுள் மனிதனை இதைவிடக் கிட்ட நெருங்கியதே இல்லை. பெரியம்மை கண்ட வீட்டில் "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்றார்கள். எங்கே வந்தாள்? குழந்தையின் உடம்பிலேயே முத்து முத்தாக வந்தாள். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு இல்லை, மருந்தும் இல்லை. மருந்து கொடுத்தால் ஆத்தாள் கோபிப்பாள் என்ற பயம். கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போயிற்று. வடநாட்டான் இதே கொப்புளத்தைப் பார்த்துச் சீதளாதேவி என்றான். ஆப்பிரிக்காவிலே யொரூபா ஜனங்கள் சோபோனா என்ற ஆண் தெய்வம் என்றார்கள். கொப்புளம் ஒன்றுதான், ஆளுக்கொரு கடவுள்!

1796-இல் ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர் பசுவம்மைப் பாலைக் கொண்டு அம்மை குத்திக் காட்டினார். 1802-இல் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவிலே அதுதான் முதல். அதற்குப் பிறகும் நாம் நூற்றெழுபது வருஷத்திற்கு மேல் ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். அம்மை குத்துகிறவன் வந்தால் பிள்ளையை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. கடைசியில் 1975-இல் இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980-இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. மிச்சமிருக்கும் கிருமியை அமெரிக்காவில் ஒரு இடத்திலும் ருஷ்யாவில் ஒரு இடத்திலும் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆத்தாள்தான் அங்கே பூட்டுக்குள் கிடக்கிறாள் என்று எந்தப் பக்தராவது ஒப்புக்கொள்வாரா?

"அப்படியானால் எங்கள் பாட்டிமார் அனுபவித்ததெல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சல் மெய். பயம் மெய். கண்ணீர் மெய். அதற்கு வைத்த பெயர்தான் பிறர் சொல்லிக் கொடுத்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். குழந்தை பிழைத்த வீட்டில் இராவும் பகலும் தூங்காமல் உட்கார்ந்து, வாயில் சொட்டுச் சொட்டாய்க் கூழ் ஊற்றி, வேப்பிலையால் வருடிக் கொடுத்தவள் யார்? பெற்றவள். உறவு என்றால் அதுவல்லவா உறவு! ஆனால் பொங்கலும் கோழியும் போய்ச் சேர்ந்தது கல்லுக்கு. குழந்தை செத்த வீட்டிலோ, "நீ என்ன குற்றம் செய்தாயோ" என்று அவளையே கேட்டார்கள். வந்தால் ஆத்தாள் கருணை, போனால் தாய் குற்றம்! இந்த அநியாயக் கணக்கைத்தான் தோழர்களே, அனுபவ ஞானம் என்கிறார்கள்.

பெரியம்மை போய்விட்டதே, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்கவேண்டாம். சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் இன்றும் வாசலில் வேப்பிலை கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத வீடுகள் இருக்கின்றன. வேப்பிலை கட்டுவதனால் கெடுதி ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குள் மற்றப் பிள்ளைகள் போகாமலிருப்பது நல்லதும்கூட. வைத்தியரைக் கூப்பிடாமலிருப்பதுதான் கெடுதி. தட்டம்மை நுரையீரலில் இறங்கினால் குழந்தையைக் கொன்றுவிடும். அதற்கு 9-ஆவது மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, 16-இலிருந்து 24 மாதத்திற்குள் இன்னொரு ஊசி. சர்க்கார் சுகாதார நிலையத்தில் காசு வாங்குவதில்லை. என்ன சாதி என்றும் கேட்பதில்லை. பூசாரி வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஊசிதான்.