போர்டிங் பாஸில் இருக்கும் ரகசியம்



ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட், 2020 மார்ச்சில் தன் போர்டிங் பாஸைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார்.  அதில் முன்பதிவு எண்ணும் தெரிந்தது.

கணினிப் பாதுகாப்பில் ஆர்வமுள்ள ஒருவர் அந்த எண்ணையும் அபாட்டின் பெயரையும் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தார். கதவு திறந்துகொண்டது! பக்கத்தின் நிரலுக்குள் பாஸ்போர்ட் எண்ணும் தொலைபேசி எண்ணும் இருந்தன. நல்லவேளை, அவர் நல்லவர். அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார், ஓட்டை அடைபட்டது.

முன்பதிவு எண் என்பது வீட்டுச் சாவி மாதிரி. எண்ணை மறைத்தாலும் போதாது. பார்கோடுக்குள்ளும் அது இருக்கிறது, கைபேசியாலேயே படித்துவிடலாம். அதனால் போர்டிங் பாஸைப் படம் போடாதீர்கள். இருக்கையில் விட்டுவிட்டும் வராதீர்கள். கிழித்துப் போடுங்கள்.

தங்கும் விடுதியிலும் கவனம் வேண்டும். 2018இல் மாரியட் ஓட்டல் குழுமம் பெரிய தகவல் திருட்டை அறிவித்தது. 50 லட்சத்துக்கும் அதிகமான பாஸ்போர்ட் எண்கள், குறியாக்கப் பாதுகாப்பு இல்லாமலே அதில் இருந்தன.

நம் ஊர் விடுதியில் ஆதார் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

பயணம் கிளம்புமுன் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்குத் தேவையானதை மட்டும் கொடுங்கள். அது உங்கள் உரிமை.