கழுத்தின் கருமை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், பிள்ளைகளின் பிடரி கறுத்துத் தடித்திருக்கக் காண்கிறோம். தாய்மார் அதை அழுக்கென்றெண்ணிக் கடலைமாவு கொண்டு தேய்க்கின்றனர். எத்தனை தேய்த்தும் அது போவதில்லை. பெரும்பாலும் அது அழுக்கன்று. உடலில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாம்.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்திற் கலக்கின்றது. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் புகச் செய்வது கணையம் சுரக்கும் இன்சுலினே. வயிற்றில் கொழுப்பு மிகுந்து உடலுழைப்புக் குறையுங்கால், தசைகள் அதன் ஏவலுக்கு இணங்குவதில்லை. கணையமோ மேன்மேலும் சுரந்து ஈடு செய்கின்றது. அதுகாறும் இரத்தச் சர்க்கரை சரியாகவே தோன்றும். கணையம் களைத்த பின்னரே நீரிழிவு வெளிப்படும். மெலிந்த தேகமுடையார்க்கும் வயிற்றுக் கொழுப்பு உண்டாதலின், ஒல்லியான பிள்ளைக்கு இது வாராதென்று இருத்தல் கூடாது.

பரிசோதனையின் அளவுகளை யாவரும் அறிதல் வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரையாயின் அது நீரிழிவுக்கு முந்திய நிலை. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி. சோதனையில் 5.7 முதல் 6.4 வரை முந்திய நிலை, 6.5 முதல் நீரிழிவு. மறுமுறை சோதித்து நிச்சயிப்பது வைத்தியர் கடமை.

முந்திய நிலை விதியன்று. அந்நிலையிலிருந்த நடுவயதினரைச் சென்னையில் மூன்றாண்டு ஆராய்ந்து, 2006-ல் முடிவு வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவருள் 39 பேரே உற்றனர். நடுவயதிலேயே இவ்வளவு பயனெனில், இளமையில் தொடங்குவார் தயங்குவானேன்?

ஆயினும் நம்மவர் தயங்குகின்றனர். காரணம் யாது? "பெண்ணுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் வரன் அமையுமா?" என்னும் அச்சமே. அவ்வச்சத்தை உண்டாக்கியவர் பிறரல்லர். பிள்ளைவீட்டாராய் அமர்ந்து குறைகூறும் நாமே. மறைத்து மணம் முடித்த பெண், சர்க்கரை கட்டுப்படாமலே கருவுற்றால், தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து நேரலாம். பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் இதனைச் சிந்தித்தோமா?

ஆகவே, நம் பிள்ளைகளைச் சோதனைக்கு அழைத்துச் செல்வோமாக. சோதித்துக்கொண்ட பெண்ணை இகழாதிருப்போமாக. கழுத்தின் கருமை குற்றமன்று. கண்டும் மறைப்பதே குற்றம்.