உலர்ந்த இறைச்சியை மென்மையாக்கல்



இறைச்சியை உலர்த்திச் சேமித்துவைக்கும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தமிழகத்தில் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்ததை உப்புக்கண்டம் என்கிறோம். சிக்கிம், டார்ஜீலிங் மலைகளில் அடுப்பின்மேல் தொங்கவிட்டு உலர்த்தியதைச் சுகுட்டி என்பர். லடாக்கிலோ குளிர்காலக் காற்றே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. முறைகள் வேறாயினும், சமைக்கப் புகும்போது நாம் காணும் இடர்ப்பாடு ஒன்றே: பல்லுக்கு இசையாத கடினம். அதனை நீக்காவிடில், வீட்டிலுள்ள முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அவ்வுணவு பயன்படாமற் போகும்.

இக்கடினம் எதனால் வருகிறது? கொழுப்பு நீக்கிய புதிய இறைச்சியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நீரே. அந்நீர் வற்றியதும் தசைநார்கள் நெருங்கி இறுகிவிடுகின்றன. ஆகவே, இழந்த நீரைத் திருப்பித் தருவதே நமது முதற்பணி. தீயின் உதவி பின்னரே.

துண்டுகளைக் கழுவி, நாரின் போக்கிற்குக் குறுக்கே சிறிதாக நறுக்குவோம். மிகக் கடினமானவற்றை அம்மியில் வைத்து இலேசாகத் தட்டலாம். பின்பு மூழ்குமளவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றுவோம். மிகுதியான உப்பும் இவ்வாறே வெளியேறும். வெப்பம் மிகுந்த நாட்களில் இரவு முழுவதும் வெளியே ஊறவைத்தலாகாது. நெடுநேரம் ஊறவேண்டுமாயின் குளிர்ப்பெட்டியில் வைத்தலே நன்று.

ஊறியதைப் புதுநீரிலிட்டு, ஒரு கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடி வேகவைப்போம். தசைநார்களைப் பிணைக்கும் சவ்வில் கொலாஜன் என்னும் புரதம் உண்டு. சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரமும் பொறுமையும் சேர்ந்தால் அது மெல்லக் கரைந்து பசையாகும். அவசரப்பட்டுக் கடுந்தீ மூட்டினால் நார்கள் சுருங்கி மேலும் இறுகும். விரலால் நசுக்கினால் பிரியும் பதம் வந்தபின் குழம்பிலிடலாம், எண்ணெயில் வறுக்கலாம். சுவை பார்த்த பின்னரே உப்பிடுதல் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போமாக. பூசணம் பூத்ததோ, பிசுபிசுத்ததோ, துர்நாற்றம் வீசுவதோ எந்த முறையாலும் உண்ணத்தக்கதாகாது. உப்பைத் தாங்கி வளரும் நுண்ணுயிர்களும் உள. அவற்றுட் சில விடும் நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை. ஐயத்திற்குரியதை விலக்கி, நல்லதைப் பொறுமையுடன் சமைப்போமாயின், சேமித்த உணவு வீட்டார் அனைவருக்கும் உணவாகும்.